மலேரியா மருந்து வேலை செய்ததா? ஸ்லைடைக் கேளுங்கள்

மலேரியா மருந்து ஆய்வில் ஆளைச் சேர்ப்பது சுலபம். குளிரில் நடுங்கிக்கொண்டு வருபவர் எதற்கும் தலையாட்டுவார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் சிப்காட் பக்கமோ கட்டட வேலைக்கோ கிளம்பிவிடுவார். அவரைத் தேடிப் பிடித்து மறுபடி விரலில் குத்துவதுதான் பெரும்பாடு. கடலூரில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டி.எம்.எல்.டி. என்ற லேப் டிப்ளமோ முடித்துவிட்டு இப்படிப்பட்ட திட்டங்களில் சேரும் பிள்ளைகள், மருந்து வேலை செய்ததா என்று ஸ்லைடில் பார்ப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

மருந்து தொடங்கும் நாளை ‘நாள் 0’ என்று எழுத வேண்டும். பிறகு 1, 2, 3, 7, 14, 21, 28 ஆகிய நாட்களில் ரத்தத் தடவல், அதாவது கண்ணாடி ஸ்லைடில் ரத்தம் தடவி எடுப்பது; ஒரே ஸ்லைடில் தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று. நடுவில் எப்போது காய்ச்சல் வந்தாலும் கூடுதலாக ஒன்று. சில மருந்துகளுக்கு 42 நாள் வரை போகும். ஸ்லைடில் நோயாளியின் பெயர் வேண்டாம். ஆய்வு எண்ணும் நாளும் பென்சிலால், மெல்லிய தடவலின் தடித்த ஓரத்திலேயே எழுதுங்கள். மார்க்கர் மை மெத்தனாலில் கரைந்துவிடும்.

இடது கை மோதிர விரலில் குத்துங்கள். கைக்குழந்தைக்குக் கால் பெருவிரல். ஸ்பிரிட் காயும்வரை பொறுக்க வேண்டும், இல்லையென்றால் ரத்தம் துளியாக நிற்காமல் பரவிவிடும். முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். அடுத்து மூன்று துளி தடித்த தடவலுக்கு, சற்றுத் தள்ளி ஒரு சிறு துளி மெல்லியதற்கு. மூன்றையும் இன்னொரு ஸ்லைடின் முனையால் ஒரு சென்டிமீட்டர் வட்டமாகச் சேருங்கள். கனம் சரியா என்று பார்க்க தினத்தந்தி மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து மங்கலாகவாவது தெரிய வேண்டும்.

நம் ஊரில் எல்லோரும் கோட்டை விடுவது காயவைப்பதில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்த தடவல் லேசில் காயாது. அவசரப்பட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினால் ரத்தம் கண்ணாடியோடு இறுகிவிடும்; பிறகு தண்ணீர் பட்டாலும் சிவப்பு இறங்காது, கிருமி தெரியாது. மின்விசிறிக் காற்று போதும். சித்திரை, வைகாசியில் நேர்மாறு: சாயம் போடாமல் சில நாள் கிடந்தாலே வெயிலுக்குத் தானாக இறுகிக்கொள்ளும். எறும்பையும் கரப்பானையும் மறக்காதீர்கள், ரத்தத்தைச் சுத்தமாகத் தின்றுவிட்டுப் போகும்!

மெல்லிய தடவலை மட்டும் மெத்தனாலில் தோய்த்தெடுங்கள். அதன் ஆவிகூடத் தடித்த தடவலில் படக் கூடாது. ஜீம்சா சாயம் 3 சதவீதமாகக் கரைத்தால் 45 நிமிடம், 10 சதவீதம் என்றால் சுமார் 10 நிமிடம். ஆய்வுக்கு நான் 3 சதவீதத்தைத்தான் சொல்வேன், நிதானமானது, தெளிவாக வரும். சாயத்தைக் கரைக்கும் பஃபர் நீரின் பி.எச். 7.2 இருக்க வேண்டும். வைவாக்ஸ், ஃபால்சிபாரம் இரண்டும் மலேரியாக் கிருமி வகைகள். போர் தண்ணீரில் கரைத்துவிட்டு, வைவாக்ஸ் புகுந்த சிவப்பணுவில் தெரியும் ஷஃப்னர் புள்ளிகளைக் காணோம் என்று கண்ணைக் கசக்கிப் பயனில்லை.

பார்க்கும்போது 100 எக்ஸ் லென்ஸ், எண்ணெய் விட்டு. தடித்த தடவலில் குறைந்தது நூறு இடங்கள் பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். வைவாக்ஸ் இருந்தால் சிவப்பணு வீங்கி, கிருமி தாறுமாறான வடிவத்தில் இருக்கும். ஃபால்சிபாரத்தில் அணு வீங்காது. மெல்லிய வளையங்கள், ஒரே அணுவில் இரண்டு மூன்றுகூட. எண்ணும்போது 200 வெள்ளணுக்களுக்கு எத்தனை கிருமி என்று எண்ணி நாற்பதால் பெருக்குங்கள். ஒரு மைக்ரோலிட்டரில் 8,000 வெள்ளணு என்று வைத்துக்கொள்ளும் கணக்கு இது. 150 எண்ணினால் 6,000. கிருமி குறைவாக இருந்தால் 500 வெள்ளணு வரை எண்ணுங்கள். இன்னொருவரும் எண்ண வேண்டும், உங்கள் எண்ணிக்கையைப் பார்க்காமல்.

மூன்றாம் நாள் ஸ்லைடுக்குத் தனி மரியாதை உண்டு. ஆர்ட்டிமிசினின் கலந்த மருந்து கொடுத்தும் அன்றைக்குக் கிருமி தெரிகிறவர்கள் பத்து சதவீதத்தைத் தொட்டால், எதிர்ப்பு கிளம்பியிருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சந்தேகப்படச் சொல்கிறது. பின்தொடரும் நாட்களில் ரேபிட் கிட்டை நம்ப வேண்டாம். ஃபால்சிபாரத்துக்கான எச்.ஆர்.பி.2 புரதம் கிருமி செத்த பிறகும் வாரக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும், கோடு விழுந்துகொண்டே இருக்கும்.

வளையங்கள் போய்விட்டன, நோயாளி நடமாடுகிறார். ஆனாலும் ஸ்லைடில் வாழைப்பழ வடிவில் ஒன்றிரண்டு கிடந்தால் அவை ஃபால்சிபாரத்தின் கேமிட்டோசைட்டுகள். காய்ச்சல் தராது, கொசுவுக்குப் போவது அதுதான். வளர்ந்து ரத்த ஓட்டத்துக்கு வரவே ஏறக்குறைய பத்து பன்னிரண்டு நாள் எடுக்கும், வளர்ந்தவற்றைப் பெரும்பாலான மலேரியா மருந்துகள் அசைக்காது. அதனால்தான் இரண்டாம் நாள் ஒரே ஒரு முறை பிரைமாகுயின், கிலோவுக்கு 0.75 மில்லிகிராம். இவற்றைத் தனியாக, 1,000 வெள்ளணுக்களுக்கு எண்ணுங்கள். வைவாக்ஸில் கேமிட்டோசைட் சீக்கிரமே வந்துவிடும், ஆள் நம்மிடம் வருவதற்குள் கொசு குடித்திருக்கும். நம் பக்கம் அந்தக் கொசு அனாபிலிஸ் ஸ்டீபன்சி. அது முட்டையிடுவது மூடாத மாடித் தொட்டி, கிணறு, கட்டடம் கட்டும் இடத்துத் தண்ணீர்த் தொட்டி. புதுச்சேரி இந்திரா நகரில் 1975 முதல் இருக்கும் கொசு ஆராய்ச்சி மையத்தைத் தெரியாதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வைவாக்ஸுக்கு மூன்று நாள் குளோரோகுயினோடு 14 நாள் பிரைமாகுயின். ஈரலில் தூங்கும் கிருமிக்கு அதுதான் மருந்து. ஐந்தாவது நாளே பலர் நிறுத்திவிடுவார்கள். ‘முழுசா சாப்பிடுங்கண்ணா’ என்று சொல்லி அனுப்புவது போதாது. உங்கள் எதிரிலேயே விழுங்கவைத்து அரைமணி உட்காரவையுங்கள். அதற்குள் வாந்தி எடுத்தால் முழு அளவையும் திரும்பக் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் வேண்டாம், வயிறு பிசையும். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பிரைமாகுயின் கிடையாது. ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாட்டுக்குப் பரிசோதனை பாருங்கள்; சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் அனுப்புங்கள்.

இப்போது பாசிட்டிவ் ஸ்லைடு அரிதாகிவிட்டது, நல்லதுதான். ஆனால் கண் மறந்துவிடும். பழைய பாசிட்டிவ் ஸ்லைடுகளை ஒரு பெட்டியில் வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள்.

நாள் 0-விலேயே வடிகட்டிக் காகிதத்தில் ரத்தப் பொட்டு ஒன்று காயவைத்து, பிளாஸ்டிக் கவரில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். 21-ம் நாள் ஃபால்சிபாரம் திரும்பினால் பழைய கிருமியா, புதுக் கொசுக்கடியா என்று அந்தப் பொட்டோடு ஒப்பிட்டுப் பி.சி.ஆரில் பார்க்கலாம். முதல் நாளே நோயாளியின் செல் எண்ணோடு, அவர் சம்மதித்தால், மேஸ்திரியின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். மேஸ்திரியிடம் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், கூலி போய்விடும். ‘ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்க’ என்றால் போதும்.