திருவான்மியூரில் தங்குங்கள்: புதிதாக வரும் தம்பதிக்குச் சென்னையும் மாமல்லபுரமும்

சென்னையை முன்பின் பார்க்காத தம்பதிகள் பெரும்பாலும் சென்ட்ரல் பக்கமோ தி.நகரிலோ அறை எடுக்கிறார்கள். நகரத்துக்குள் சுற்ற அது சரி. மாமல்லபுரம் கிளம்பும் நாளில்தான் இடிக்கும்: நகரத்து நெரிசலைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையை (ஈ.சி.ஆர்.) தொடுவதற்குள்ளேயே காலைப் பொழுது போய்விடும். மூன்று நாள் கையில் இருந்தால் திருவான்மியூர், அடையாறு, பெசன்ட் நகர் வட்டாரத்தில் ஒரே அறையாக எடுத்துவிடுங்கள். ஈ.சி.ஆர். கிளம்புவதே திருவான்மியூரில்தான், மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயிலும் அங்கேயே இருக்கிறது.

முன்பதிவுக்கு முன் விடுதிக்கு ஒரு போன் போடுங்கள். இருவரின் அசல் அடையாள அட்டையையும் கேட்பார்கள். செல்போனில் உள்ள படத்தை ஏற்காத இடங்கள் உண்டு. அட்டையில் சென்னை முகவரி இருந்தால் அறை தராத விடுதிகளும் உண்டு. பணம் கட்டிய பிறகு வாசலில் நின்று வாதாடுவதைவிட முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து கிழமை. பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். ஈ.சி.ஆருக்குப் புதன் அல்லது வியாழன் உத்தமம். ஞாயிறு மாலை நகரம் திரும்பும் வண்டிகளில் சிக்கினால் ஒரு மணி நேர வழி இரண்டு மணி நேரத்தையும் தாண்டும். வேறு நாள் இல்லையென்றால் மூன்று மணிக்கே திரும்பிவிடுங்கள்.

பருவத்தில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் உருவானால் கடற்கரைப் பக்கமே போக முடியாது. மே மாதம் வந்தாலும் சமாளிக்கலாம், ஆனால் கடல்காற்றை நம்பித்தான் நாளைப் பிரிக்க வேண்டும். நண்பகலை ஒட்டிக் காற்று கடலிலிருந்து திரும்பினால் வெப்பம் தணியும். மேற்குக் காற்று பலமாக இருந்து அது தாமதமானால் இரண்டு மணிக்கும் நெருப்பாகக் கொதிக்கும். அந்த நாட்களில் பதினொன்றிலிருந்து நான்கு வரை கூரைக்கு அடியில் இருங்கள்.

மாமல்லபுரத்துக்குக் காலை ஆறரைக்குள் கிளம்புங்கள். 588 மாநகரப் பேருந்து ஈ.சி.ஆர். வழியாகப் போகிறது, தாம்பரம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு 515. புதுச்சேரி செல்லும் ஈ.சி.ஆர். வண்டியில் ஏறினால் வேகமாகப் போகலாம், ஆனால் புறவழிச்சாலையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். மாநகரச் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் நடத்துநர் தரும் கட்டணமில்லாச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கானவை. கூட்டமான வண்டியில் நீங்கள் இருவரும் பிரிந்துதான் உட்கார வேண்டியிருக்கும், எனவே இறங்கும் நிறுத்தத்தின் பெயரை இருவருமே தெரிந்து வைத்திருங்கள்.

ஊருக்குள் கடற்கரைக் கோயில் முதலில், அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பம் அடுத்தது, ஐந்து ரதம் கடைசி. கடற்கரைக் கோயிலின் பெரிய விமானமும் தபசுப் பாறையும் கிழக்கு பார்த்தவை. காலை வெயில் நேரே விழும்போதுதான் சிற்பங்களின் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியும். மதியத்துக்கு மேல் தபசுப் பாறை நிழலில் தட்டையாகிவிடும். ஒரே நுழைவுச்சீட்டு கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் அன்று முழுக்கச் செல்லும். முதல் இடத்திலேயே அதைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி வரிசையில் நிற்பவர்களைத் தினமும் பார்க்கலாம். தபசுக்குச் சீட்டு வேண்டாம்.

தபசின் முன் அரை மணி நேரமாவது நில்லுங்கள். பாறையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பிளவு ஓடுகிறது. அதில் கைகூப்பியபடி நாகராசனும் நாகினியும் மேலேறுகிறார்கள். பிளவுக்கு இடப்பக்கம், மேலே, விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தவசியும், பக்கத்தில் வரம் தரும் சிவனும். தவசி அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. பிளவில் நீர் விழுவதாகக் கற்பனை செய்து பார்த்தால் பகீரதன் கட்சிக்கும் வலு இருக்கிறது. பிறகு வலப்பக்கப் பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே குனிந்து பாருங்கள்: ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, அதன் காலடியில் எலிகள். யானையைப் படமெடுத்துவிட்டு நகர்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ரதங்களில் அடிப்பகுதியைக் கவனியுங்கள். மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்ததால் உச்சி முடிந்திருக்கும், கீழே வேலை பாதியில் நின்றிருக்கும். ஒவ்வொன்றும் ஒரே பாறை.

சிற்பம் வாங்க ஆசையிருந்தால் முதலில் தொட்டுப் பாருங்கள். கருங்கல் சில்லென்று இருக்கும், சாவியால் கீறினாலும் கோடு விழாது. மாக்கல் மிருதுவானது, நகம் பட்டாலே வெள்ளைக் கோடு விழும். அதில் தப்பில்லை, ஆனால் கருங்கல் விலை கொடுக்கக் கூடாது. அடியில் அச்சு இணைந்த கோடு தெரிந்து, கைக்கு லேசாக இருந்தால் அது கல்தூளை அச்சில் வார்த்தது.

திரும்பும் வழியில் வெயில் நேரத்துக்குத் தட்சிணசித்ரா. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே எழுப்பியிருக்கிறார்கள்; ஓட்டுக்கூரையும் திண்ணையுமாக நிழல் உண்டு. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கோவளத்துக்குத் தெற்கே திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலும் இதே சாலைதான். திருமணம் கைகூட வேண்டிக்கொண்டு மாலை வாங்கிப் போனவர்கள், கல்யாணமானதும் அந்தப் பழைய மாலையோடு ஜோடியாக வருவது வழக்கம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலோ மாலையிலோ போங்கள்.

இருசக்கர வண்டி வாடகைக்கு எடுப்பதென்றால் நம்பர் பலகையைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது வாடகைக்கு விட உரிமம் பெற்ற வண்டி. வெள்ளைப் பலகை வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஈ.சி.ஆர். ஓரங்களில் காற்று கொண்டுவந்து சேர்க்கும் மணலில் முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும்.

கடல் விஷயத்தில் கறாராக இருங்கள். மெரினாவில் குளிக்கவே தடை. அலை உடைந்துகொண்டிருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே அமைதியாக, மணல் கலங்கி ஒரு பட்டை தெரிந்தால் அது பாதுகாப்பான இடம் என்று தோன்றும். உண்மையில் கரைக்கு வந்த நீர் திரும்பிக் கடலுக்குள் ஓடும் வழி அதுதான். இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்தப் பட்டையிலிருந்து வெளியே வரலாம். ஒருவர் மாட்டிக்கொண்டால் மற்றவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. மிதக்கும் எதையாவது வீசுங்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள், 112ஐ அழையுங்கள்.

மீன் சாப்பிட வருபவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதை நினைவில் வைக்கவும். அப்போது வஞ்சிரம் விலை எகிறும், பழைய ஐஸ் மீனும் தட்டுக்கு வரும். பைபர் படகில் வரும் நெத்திலி, சங்கராவைக் கேளுங்கள். பொரிப்பதற்கு முன் மீனைக் காட்டச் சொல்லி செவுளைத் தூக்கிப் பாருங்கள்: ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழிந்திருக்கக் கூடாது, விரலால் அழுத்திய இடம் உடனே எழும்ப வேண்டும்.

நகரத்துக்கு ஒரு முழுநாள் போதும். திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் திருமயிலை, அதாவது மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயில் நண்பகலிலிருந்து நான்கு மணிவரை மூடியிருக்கும் என்பதால் காலை எட்டுக்குள் அங்கே இருங்கள். மாட வீதிகளைச் சுற்றி, டிபன் முடித்து, சாந்தோம் தேவாலயத்துக்கு நடந்தே போகலாம். மெட்ரோ வேலை நடக்கும்வரை லஸ், கச்சேரி சாலைப் பக்கம் ஆட்டோவைவிட நடை வேகம். வெயில் நேரத்துக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடம். மாலை ஐந்துக்கு மெரினா. இருட்டியதும் கலங்கரை விளக்கம் நிலையத்தில் ரயில் ஏறினால் நேராக அறைக்கு வந்துவிடலாம்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படியும். கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன்பே அதைப் பையோடு பால்கனியில் வைத்துவிடுங்கள், துணியால் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.