பினாங்கு ஃப்ளாட்ல உட்காந்து வெளிநாட்டு ஷார்ட்வேவ் ரேடியோ கேக்கறது எப்படி

ஷார்ட்வேவ் கேக்கணும்னு ஆசைப்படறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது "எந்த ரேடியோ வாங்கலாம்"னு தான். நம்ம ஊர் ஃப்ளாட்டுக்கு ரேடியோ மூணாவது பிரச்சனை தான்லா. முதல் பிரச்சனை வீட்டுக்குள்ள இருக்கற கரண்டு இரைச்சல், ரெண்டாவது எந்த நேரத்துக்கு எந்த மீட்டர்ல (அலைவரிசைப் பட்டையை இப்படித்தான் சொல்லுவாங்க) தேடறதுன்னு தெரியாம சும்மா சுத்திட்டு "ஒண்ணுமே வரல, எல்லாரும் மூடிட்டு போயிட்டாங்க போல"ன்னு வெச்சிடறது. இது ரெண்டும் சரியா இருந்தா சின்ன ரேடியோவுலயே ராத்திரி ஹனோய், பெய்ஜிங், தைபே, டோக்கியோன்னு வரிசையா வரும்.

ரேடியோ பத்தி சுருக்கமா சொல்லிடறேன். டெக்சன் பிஎல்-330, எக்ஸ்எச்டேட்டா டி-808 மாதிரி கையடக்க டிஜிட்டல் ரேடியோ போதும், ஆன்லைன்ல சில நூறு வெள்ளிக்குள்ள முடிஞ்சிடும். நம்பர் தட்டி ஃப்ரீக்வென்சி போடற வசதி இருக்கணும், எஸ்எஸ்பி (பைலட், ஹாம் ஆளுங்க பேசறதை கேக்க வேண்டிய வசதி) இருக்கணும், வெளி ஆன்டெனா சொருக ஓட்டை இருந்தா ரொம்ப நல்லது. முள்ளு நகர்ற மாடல்ல "12 பேண்ட்"னு பெருசா எழுதி ரொம்ப மலிவா விக்கறாங்க பாருங்க, அது வேணாம், முள்ளு எங்க நிக்குதுன்னே தெரியாது, நேத்து கேட்ட ஸ்டேஷனை இன்னைக்கு கண்டுபிடிக்க முடியாது. பழசு பிடிக்கும்னா காலையில லோரோங் கூலிட் பக்கம் போய் பாருங்க, பழைய சோனி, பானாசோனிக் எல்லாம் சில சமயம் கண்ணுல படும், ஆனா பேட்டரி போடற இடத்துல பச்சை பூத்திருக்கான்னு பாத்துட்டு, கையோட பேட்டரி எடுத்துட்டு போய் அங்கயே போட்டு கேட்டுட்டு காசை குடுங்க.

இப்போ இரைச்சல். இதுக்கு தான் பொறுமை வேணும். ரேடியோவை பேட்டரில ஓட்டுங்க, சார்ஜர்ல சொருகி கேக்கவே கேக்காதீங்க. ராத்திரி 9 மணி வாக்குல ஸ்டேஷன் இல்லாத ஒரு இடத்துல, 6 மெகாஹெர்ட்ஸ் (அதாவது 6000 கிலோஹெர்ட்ஸ்) பக்கம் வெச்சா, அநேகமா 'ஜ்ர்ர்ர்'னு ஒரே உறுமலா இருக்கும். வீட்டுல சொல்லிட்டு (சீரியல் ஓடற நேரத்துல பண்ணாதீங்க, அடி விழும்) டிபி பாக்ஸ்ல மெயின் சுவிட்சை ஒரு நிமிஷம் இறக்குங்க. உறுமல் நின்னா எதிரி உங்க வீட்டுக்குள்ள தான் இருக்கான், நிக்கலைன்னா பக்கத்து வீடோ லிஃப்ட்டோ காரிடார் லைட்டோ. வீட்டுக்குள்ளன்னா ஒவ்வொண்ணா ஆன் பண்ணிட்டே வாங்க. வைஃபை ரூட்டரோட அடாப்டர், ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ், போன் சார்ஜர், ரிமோட்டு வெச்ச சீலிங் ஃபேன், இன்வெர்ட்டர் ஏர்கான், சாமி படத்துக்கு போட்டிருக்கற எல்இடி சீரியல் லைட், இதுல ரெண்டு மூணாவது மாட்டும். எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணு தான், கரண்டை படுவேகமா வெட்டி வெட்டி குடுக்கற சின்ன சர்க்யூட் உள்ள இருக்கு, மலிவான அடாப்டர்ல அந்த இரைச்சல் வெளிய போகாம தடுக்கற பாகத்தை காசு மிச்சம் பண்ண போடாமலே விட்டுடறாங்க. மாத்த முடிஞ்சதை மாத்துங்க, முடியாததை கேக்கற நேரத்துக்கு மட்டும் அணைங்க, ரூட்டர் மாதிரி அணைக்கவே முடியாததுக்கு ஒயர்ல கவ்வற ஃபெரைட் கிளிப் வாங்கி, ஒயரை ரெண்டு மூணு சுத்து சுத்தி மாட்டுங்க, முழுசா போகாது, குறையும்.

அப்புறம் இடம். நம்ம ரூமா பங்சா (அடுக்குமாடி ஃப்ளாட்) எல்லாம் கான்கிரீட்டுக்குள்ள இரும்புக்கம்பி வெச்சு கட்டினது, நடு ஹால்ல வெச்சா சிக்னல் உள்ளயே வராது, இரைச்சல் மட்டும் தான் மிஞ்சும். ஜன்னல் ஓரம், பால்கனி, துணி காயப்போடற கம்பு நீட்டற இடம், அங்க தான் ரேடியோ இருக்கணும். ஆன்டெனாவுக்குன்னு காசு செலவு பண்ண வேணாம், எலக்ட்ரிக் கடையில மெல்லிசா ரப்பர் உறை போட்ட சாதா ஒயர் 7லருந்து 10 மீட்டர் வாங்குங்க, ஒரு முனையை முதலைக் கிளிப் வெச்சு ரேடியோவோட ஏரியல் கம்பில கவ்வி விடுங்க, மறு முனையை ஜன்னலுக்கு வெளிய எவ்வளவு தூரம் சுவரை விட்டு தள்ளி கொண்டு போக முடியுமோ அவ்வளவு தூரம். இரும்பு கிரில்லை ஒட்டியே ஓட்டினா ஒயர் போட்டும் பிரயோஜனம் இல்ல. தரை வீட்டுல இருக்கறவங்க போர்ச் கூரையில இருந்து மரத்துக்கு இழுத்துக்கலாம், கரண்டு கம்பி பக்கம் மட்டும் போகவே கூடாது. ஒயர் நீளமானா எல்லாம் நல்லா வரும்னும் இல்ல, சின்ன ரேடியோ திணறிப் போய் ஒரே ஸ்டேஷன் நாலு இடத்துல வரும், அப்படி வந்தா ஒயரை குறைங்க.

இடி பத்தி சொல்லாம விடக்கூடாது. உலகத்துலயே இடி அதிகமா இடிக்கற இடங்கள்ல நம்ம நாடும் ஒண்ணு, கேஎல் பக்கம் கேக்கவே வேணாம். சாயங்காலம் வானம் கறுக்குதுன்னா கிளிப்பை கழட்டி ஒயரை வெளிய விட்டுடுங்க, கேட்டு முடிச்சதும் தினமும் கழட்டிடற பழக்கம் இன்னும் நல்லது. இடி இடிச்சா வாட்டர் ஹீட்டரை அணைக்கறவங்க கூட இதை யோசிக்க மாட்டேங்கறாங்க. ரேடியோவுல 'படக் படக்'னு வெடிக்கற சத்தம் கேட்டா அது பல நூறு கிலோமீட்டர் தள்ளி சுமத்ரா பக்கம் அடிக்கற மின்னலா கூட இருக்கலாம், 3, 4, 5 மெகாஹெர்ட்ஸ்ல அது ரொம்ப தொல்லை, மேல போகப் போக குறையும்.

நேரம் தான் இதுல ருசியான விஷயம். ஷார்ட்வேவ் வானத்துல மேல இருக்கற அயனிமண்டலத்துல பட்டு திரும்பி வர்றது. பகல்ல வெயில் அதோட கீழ் அடுக்கை உசுப்பி விட்டுடும், அந்த அடுக்கு கீழ் ஃப்ரீக்வென்சியை எல்லாம் முழுங்கிடும், அதனால பகல்ல மேல தேடணும், 19 மீட்டர் (15100லருந்து 15800 கிலோஹெர்ட்ஸ்), 16 மீட்டர் (17480லருந்து 17900). பொழுது சாஞ்சதும் கீழ் அடுக்கு கலைஞ்சிடும், அப்போ 25 மீட்டர் (11600லருந்து 12100), 31 மீட்டர் (9400லருந்து 9900), இன்னும் இருட்டினா 41, 49 மீட்டர். பினாங்குல பொழுது சாயறது 7 மணிக்கு மேல தானே, 7லருந்து 10 வரைக்கும் தான் பொன்னான நேரம், வேலைக்கு போற ஆளுக்கும் வசதி. காலையில விடியறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் எழுந்திரிக்க முடிஞ்சா அதுவும் அருமை, வீடெல்லாம் தூங்கறதால இரைச்சலும் கம்மி. சூரியனோட 11 வருஷ சுழற்சி 2024 வாக்குல உச்சத்துக்கு வந்ததால மேல் பேண்டெல்லாம் இருட்டினப்புறமும் சில நாள் திறந்தே கிடக்கும், 31ல வரலைன்னா 19ஐயும் ஒரு எட்டு பாத்துடுங்க.

ஸ்டேஷன் தேடறதுக்கு முன்னாடி உங்க செட்டப் வேலை செய்யுதான்னு பாக்க ஒரு வழி இருக்கு. 10000 கிலோஹெர்ட்ஸ் போடுங்க. 'டிக் டிக் டிக்'னு நொடி சத்தம் கேக்கும், அது சீனாவுல இருக்கற பிபிஎம் நேர நிலையம். அதோட அடியில மெல்லிசா ஒரு பொம்பளை குரல் நிமிஷத்துக்கு ஒரு தடவை இங்கிலீஷ்ல மணி சொன்னா அது ஹவாய்ல இருந்து வர்ற டபிள்யூடபிள்யூவிஎச், பசிபிக் கடலைத் தாண்டி உங்க பால்கனி ஒயர்ல மாட்டிருக்குன்னு அர்த்தம். 10000லயும் ராத்திரி 5000லயும் ஒண்ணுமே இல்லைன்னா தப்பு பெரும்பாலும் வானத்துல இல்ல, திரும்ப மெயின் சுவிட்ச் வேலைக்கு போங்க.

எல்லா நிலையமும் அட்டவணையை யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்துல தான் போடுவாங்க, நமக்கு 8 மணி நேரம் கூட்டணும், 12:00 யூடிசின்னா நம்ம ராத்திரி 8. பழைய நோட்டு, பழைய புஸ்தகம் வெச்சிருக்கற பெரியவங்ககிட்ட வாங்கினா ஏழரை மணி நேரம் கூட்டணும்னு எழுதிருக்கும், குழம்பாதீங்க, தீபகற்பத்துல 1982 பிறக்கற வரைக்கும் ஏழரை தான். அட்டவணை வருஷத்துக்கு ரெண்டு தடவை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். நெட்ல ஐபி (EiBi), ஆவோக்கி (Aoki)ன்னு ஸ்டேஷன் அட்டவணை ரெண்டு லிஸ்ட் இருக்கு, ரெண்டும் இலவசம். கிட்டத்தட்ட எல்லா ஒலிபரப்பும் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளில தான் உட்காந்திருக்கும், 9500, 9505, 9510ன்னு தாவிட்டே போங்க, நடுவுல நிக்க வேணாம்.

என்ன வரும்னா, உண்மையை சொல்லணும், பாதிக்கு மேல சீனா. ஒரே நேரத்துல ரெண்டு பேச்சு மேல மேல விழுந்தா, இல்ல நிக்காம சீன மேளதாள இசை ஓடினா, யாரோட ஒலிபரப்பையோ வேணும்னே அமுக்கறாங்களா இருக்கும்னு புரிஞ்சுக்கோங்க. அதுக்கு நடுவுல வாய்ஸ் ஆஃப் வியட்நாம், ஜப்பானோட என்எச்கே, கொரியாவோட கேபிஎஸ், ரேடியோ தைவான், வடகொரியா, நியூசிலாந்தோட ஆர்என்இசட் பசிபிக், இதெல்லாம் பிடிக்கலாம். ஆர்என்இசட்ல மணி அடிக்கறதுக்கு முன்னாடி அவங்க ஊர் பறவை ஒண்ணு கூவும், அது கேட்டா சந்தேகமே வேணாம். தமிழ் கேக்கணும்னா நிலைமை முன்ன மாதிரி இல்ல. பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோட வானொலியை நிறுத்திட்டாங்க, பிலிப்பைன்ஸ்ல இருந்து வந்த ரேடியோ வேரித்தாஸ் 2018ல ஷார்ட்வேவை விட்டுட்டாங்க, சிங்கப்பூர் கிராஞ்சில இருந்து நமக்கு கணீர்னு வந்துட்டிருந்த பிபிசி ரிலே நிலையத்தையும் 2023ல மூடிட்டாங்க, காஜாங்ல இருந்து வெளிநாட்டுக்கு பேசிட்டிருந்த நம்ம சுவாரா மலேசியாவும் ஷார்ட்வேவ்ல இப்போ இல்ல. சீன வானொலி 1963லருந்து தமிழ்ல பேசறாங்க, அதையும் அட்வென்டிஸ்ட் வேர்ல்ட் ரேடியோவையும் லிஸ்ட்ல 'தமிழ்'னு வடிகட்டி பாருங்க, அந்தந்த சீசன்ல இருக்கறதுக்கு ஏத்த மாதிரி நேரத்தை குறிச்சுக்கோங்க.

பக்கத்து ஸ்டேஷன் வந்து இடிச்சா பேண்ட்வித் பட்டனை 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறக்குங்க, குரல் கொஞ்சம் மூக்கடைச்ச மாதிரி ஆகும் ஆனா பேச்சு புரியும். எஸ்எஸ்பி இருக்கறவங்க யுஎஸ்பில (சார்ஜர் யுஎஸ்பி இல்ல, எஸ்எஸ்பியோட மேல் பக்க மோடு) 6676 கிலோஹெர்ட்ஸ் போட்டு வையுங்க, பேங்காக், சிங்கப்பூர், மும்பைன்னு மாத்தி மாத்தி ஏர்போர்ட் வானிலை படிப்பாங்க, பைலட்டுக்கு சொல்றது, பாட்டு கீட்டு கிடையாது, ஆனா பழகிக்க நல்ல இடம். 14 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சாயங்காலம் ஹாம் ஆளுங்க (பொழுதுபோக்கா வானொலில பேசறவங்க) பேசறது கேக்கும், அவங்க அழைப்புக் குறி வியூன்னு ஆரம்பிச்சா இந்தியா, 4எஸ்ன்னா இலங்கை, 9எம்2ன்னா நம்ம தீபகற்பம்.

கேட்டதுக்கு அத்தாட்சி வேணும்னா நிலையத்துக்கு ரிப்போர்ட் அனுப்புங்க, நிறைய பேரு இன்னும் கியூஎஸ்எல் கார்டு அனுப்பறாங்க. தேதி, யூடிசி நேரம் (காலை 8க்கு முன்னாடி கேட்டிருந்தா அவங்க கணக்குல அது முந்தின நாள்), ஃப்ரீக்வென்சி, என்ன ரேடியோ என்ன ஒயர், அப்புறம் சின்போ மார்க், அதாவது சிக்னல் பலம், குறுக்கீடு, இரைச்சல், ஏத்த இறக்கம், மொத்தத்துல எப்படின்னு அஞ்சுக்கும் ஒண்ணுல இருந்து 5 வரைக்கும் (எல்லாத்துலயும் 5 தான் ரொம்ப நல்லது). தாராளமா 55555 போடாதீங்க, அவங்களுக்கு தேவைப்படறது உண்மையான நிலவரம், 34333ன்னா 34333. முக்கியமா குறைஞ்சது கால் மணி நேரம் என்ன பேசினாங்க, என்ன பாட்டு ஓடிச்சுன்னு நிமிஷத்தோட எழுதணும், "நிகழ்ச்சி நல்லா இருந்துச்சு"ன்னு மட்டும் எழுதினா நீங்க நெஜமா கேட்டீங்களான்னு அவங்களுக்கு எப்படி தெரியும். போன்ல ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி ஈமெயில்ல சேத்து விடுங்க, தபால் முகவரில பிளாக், மாடி, யூனிட் நம்பர், போஸ்கோட் எல்லாம் முழுசா போடுங்க.