‘சேனைகளின் கர்த்தர்’: எபிரேயச் சொல்லின் பொருளைத் தேடும் முறை

தமிழ் வேதாகமத்தில் ‘சேனை’ என்று இருக்கும் இடமெல்லாம் எபிரேயத்தில் ஒரே சொல் இருக்கும் என்று நம்பி இறங்கினால் முதல் அடியிலேயே சறுக்கும். ஆதியாகமம் 32:2-இல் யாக்கோபு ‘தேவனுடைய சேனை’ என்கிறானே, அங்கே இருப்பது பாளையத்தைக் குறிக்கும் மஹனே. மக்னாயீம் என்ற ஊர்ப்பெயரே அதிலிருந்துதான். நாம் தேடுவது ‘சேனைகளின் கர்த்தர்’ என்பதில் வரும் த்ஸாவா, பன்மையில் த்ஸெவாஓத். ஆகவே தமிழ்ச் சொல்லை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள்: வேதாகமத்தின் ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் எண் தரும் ஸ்ட்ராங் அகராதியில் பெயர்ச்சொல் 6635, வினைச்சொல் 6633.

1 சாமுவேல் 17:45-ஐ எபிரேயத்தோடு வைத்துப் பாருங்கள். ‘சேனைகளுடைய கர்த்தர்’ என்பதில் த்ஸெவாஓத். அதே வசனத்தின் ‘இஸ்ரவேலுடைய இராணுவங்கள்’ என்பதில் மாஅராகா, அதாவது போர் அணிவகுப்பு. ஒரே வாக்கியத்தில் இரண்டு சொற்கள்.

அடுத்து, கிடைத்த வசனங்களை யார் அணிதிரள்கிறார்கள் என்று பார்த்துப் பிரியுங்கள். எண்ணாகமம் 1:3-இல் இருபது வயதுக்கு மேற்பட்ட போர்வீரர். உபாகமம் 4:19-இல் சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள். 1 இராஜாக்கள் 22:19-இல் பரலோகச் சபை. பலர் தாண்டிப்போவது எண்ணாகமம் 4:3-ஐ: முப்பது முதல் ஐம்பது வயதுள்ள லேவியரின் கூடாரப் பணிக்கும் இதே சொல்தான், அங்கே வாளும் இல்லை, எதிரியும் இல்லை. யோபு 7:1-இல் அது கூலிக்காரன் நாட்களுக்கு இணையாக வருகிறது. அழைப்புக்குக் கட்டுப்பட்டு முறைப்படி சேவிப்பது என்ற பொருளை வைத்துக்கொண்டால் இத்தனை இடங்களும் பொருந்தும்; ‘போர்ப்படை’ மட்டும் போதாது. அதற்காக எல்லாப் பொருளையும் ஒரே வசனத்தில் திணிக்கவும் கூடாது. எந்தப் பொருள் என்பதைச் சூழலே சொல்லும்.

‘சேனைகளின் கர்த்தர்’ என்ற பட்டம் முதலில் வருவது 1 சாமுவேல் 1:3-இல். ஐந்தாகமத்தில் (வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களில்) கிடையாது, எசேக்கியேலிலும் கிடையாது. 38 வசனமே உள்ள ஆகாய் நூலிலோ 14 முறை.

எழுத்தை மட்டும் வைத்துத் தேடுபவர்களுக்கு ஒரு பொறி உண்டு. உன்னதப்பாட்டு 2:7-இல் அதே த்ஸெவாஓத் வடிவம் வெளிமான்களைக் குறிக்கிறது. எண் 6643, வேறு சொல். த்ஸெவாஓத்தின் கிரேக்க வடிவமான ‘சபயோத்’தை ஓய்வுநாளான ‘சபாத்’தோடு குழப்புவதும் வழக்கம். எபிரேயத்தில் முதலாவது சாதே எழுத்தில் தொடங்கும், இரண்டாவது ஷின்னில்.

புதிய ஏற்பாட்டில் ரோமர் 9:29, யாக்கோபு 5:4 இரண்டிலும் கிரேக்கம் சபயோத் என்றே விட்டுவிட்டது. வெளிப்படுத்தல் 4:8 ஏசாயா 6:3-ஐ எதிரொலித்தாலும் ‘சர்வவல்லமையுள்ள’ என்று சொல்கிறது. அதனால் ‘சேனை’ என்று தேடினால் அந்த வசனம் அகப்படாது.