சாரிட்டி ஷாப்பில் துணி எடுக்கலாம் வாங்க

செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் படிக்க வந்து இறங்கும் நம் பிள்ளைகள், முதல் குளிர் அடித்ததும் பதறிப்போய்ப் புதுக் கோட்டுக்கு 100, 150 பவுண்டு கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. கடைத்தெருவில் நாலு எட்டு வைத்தால் ஆக்ஸ்ஃபாம், பர்னார்டோஸ், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்று ஏதாவது ஒரு சாரிட்டி ஷாப் இருக்கும். அக்கம்பக்கத்தார் கொடுத்துவிட்டுப் போன துணிகளை விற்று, அந்தப் பணத்தைத் தொண்டு வேலைகளுக்குச் செலவிடும் கடைகள் இவை. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாத அசல் கம்பளிக் கோட்டு, லினன் சட்டை, பட்டு ஸ்கார்ஃப் எல்லாம் இங்கே நம் கைக்கு எட்டும் விலையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

"அடுத்தவர் உடுத்தியதையா?" என்று ஊரிலிருந்து அம்மா கேட்பார். அக்காவின் பாவாடையையும் அண்ணனின் சட்டையையும் போட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்! துவைத்துப் போட்டால் நம்முடையது, அவ்வளவுதான். தீபாவளிக்குப் புதுத்துணி எடுப்பதை யாரும் தடுக்கவில்லை.

சரி, கடைக்குப் போவோம். கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். பிராண்டையும் நிறத்தையும் பார்க்காமல், தொங்கும் துணிகள்மேல் கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள். பாலியஸ்டர், அக்ரிலிக் எல்லாம் வழுக்கிக்கொண்டே போகும். நல்ல கம்பளியிலோ, கேஷ்மீர் என்னும் மெல்லிய ஆட்டுமுடித் துணியிலோ, பட்டிலோ கை தானாக நிற்கும். நின்ற இடத்தில் எடுத்து உள்லேபிளைப் பாருங்கள். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையின் பழைய "செயின்ட் மைக்கேல்" லேபிள் இருந்தால் அது பெரும்பாலும் 2000க்கு முந்தைய துணி, எனக்கு அந்தக் காலத்துத் தையல் ரொம்பப் பிடிக்கும். கோளமும் அதன்மேல் சிலுவையும் போட்ட ஹாரிஸ் ட்வீட் என்னும் கம்பளித் துணியின் முத்திரை கண்ணில் பட்டால், ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் நெசவாளர்கள் தங்கள் வீட்டுத் தறியில் நெய்த துணி உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். நெசவு தெரிந்த ஊரிலிருந்து வந்த நமக்கு அதைத் தொட்டுப் பார்ப்பதே தனி சந்தோஷம்.

எடுத்ததும் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடியுங்கள், பூச்சி அரித்த ஊசிமுனை ஓட்டைகள் அப்போதுதான் தெரியும். அப்புறம் அக்குள், காலர் உள்பக்கம், கை மடிப்பு, முழங்கை, பேண்டில் தொடை உரசும் இடம். அக்குளில் மஞ்சள் ஏறி விறைத்த கறை லேசில் போகாது, விட்டுவிடுங்கள். ஜிப்பை இரண்டு தடவை ஏற்றி இறக்குங்கள். பட்டன் விழுந்திருந்தால் கவலை வேண்டாம், உள்ளே ஒரு உபரி பட்டன் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்வெட்டரில் உருண்டு நிற்கும் நூல் பிசிறைச் சீப்பால் எடுத்துவிடலாம், ஆனால் மெஷினில் சுடுதண்ணீரில் போட்டுச் சுருங்கி அட்டைபோல ஆன கம்பளியை எதுவும் செய்ய முடியாது.

அளவு எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெண்கள் உடையில் பழைய 14 இன்றைய 10 அல்லது 12க்குத்தான் சரியாக வரும், போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். கோட்டில் தோள் சரியாக உட்கார்ந்தால் மற்றதைத் தையற்காரர் பார்த்துக்கொள்வார். கை நீளம், இடுப்பு, பேண்ட் உயரம் எல்லாம் சுலபம். தோளைப் பிரித்துத் தைக்கக் கோட்டு விலையைவிடக் கூலி அதிகம் கேட்பார்கள்.

வசதியானவர்கள் வாழும் பகுதியில் சரக்கு நன்றாக இருக்கும், விலையும் கொஞ்சம் ஏறும். லண்டனில் நம்மவர்கள் அதிகம் வாழும் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் போனால் சில சமயம் புடவைகூடக் கண்ணில் படும். ஒரே கடைக்கு அடிக்கடி, ஐந்து நிமிடமானாலும், எட்டிப் பார்ப்பதுதான் என் வழி, ஏனென்றால் சரக்கு மாறிக்கொண்டே இருக்கும், இன்று விட்டது நாளை இருக்காது. பேரம் பேசாதீர்கள், அந்தக் காசு நல்ல காரியத்துக்குப் போகிறது. புதுக்கடையில் 8 பவுண்டுக்கு விற்கும் மலிவுச் சட்டை இங்கே 5 பவுண்டுக்குத் தொங்கினால் அதை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கம்பளித் துணியை அலமாரியில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், பூச்சி முட்டை இருந்தாலும் செத்துவிடும். எடுத்த பிறகு பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டு, லேபிளில் சொன்னபடி துவைத்து, ஸ்வெட்டராக இருந்தால் கொடியில் தொங்கவிடாமல் துண்டின்மேல் பரப்பிக் காயவையுங்கள்.