பாக்கெட்டில் ஒரு பெயர், விதை வேறொருவருடையது: தோட்டப் பொருள் வாங்கும்போது செய்யும் தவறுகள்

எந்த விதை நிறுவனம் யாருக்குச் சொந்தம் என்ற பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றாத வருடமே இல்லை. பெரிய நிறுவனத்துக்குக் காசு போகக் கூடாது என்று அதை அப்படியே நம்பிக் கடையை மாற்றுவதுதான் முதல் தவறு. 2005-இல் விதையும் களைக்கொல்லியும் விற்ற அமெரிக்க நிறுவனமான மான்சாண்டோ, காய்கறி விதைகளில் ஜாம்பவானான செமினிஸை வாங்கியது. 2018-இல் மான்சாண்டோவையே ஜெர்மனியின் பேயர் நிறுவனம் வாங்கி, அந்தப் பெயரையும் கைவிட்டது. இன்னும் 'மான்சாண்டோவின் கிளைகள்' என்று தலைப்பிட்டு வரும் பட்டியல் எவ்வளவு பழசு என்று அதிலேயே தெரிந்துவிடும். அமெரிக்காவின் பர்பி விதை நிறுவனம் ஒருநாளும் மான்சாண்டோவிடம் இருந்ததில்லை. ஆனாலும் அது மான்சாண்டோவுடையது என்ற வதந்தி ஓயவில்லை.

பெரிய தவறு இன்னொன்று: பாக்கெட்டை விற்பவரையும் ரகத்துக்கு உரியவரையும் ஒருவராகவே நினைத்துக்கொள்வது. முன்பக்கம் ஒரு சின்னக் குடும்ப நிறுவனத்தின் பெயர், கையால் வரைந்த தக்காளிப் படம், கீழே 'செலிபிரிட்டி' என்று ரகத்தின் பெயர். அந்த ரகம் பெட்டோசீட் என்ற நிறுவனத்தில் உருவானது. பெட்டோசீட் பிறகு செமினிஸில் சேர்ந்தது; செமினிஸ் இன்று பேயரிடம். 'பெட்டர் பாய்' தக்காளியின் பூர்வீகமும் இதேதான். விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், காசில் ஒரு பங்கு ரகத்துக்கு உரியவருக்குப் போகிறது. ஆகவே நிறுவனத்தைப் பற்றி விசாரிப்பதைவிட, வாங்கப்போகும் ரகத்தைப் பற்றி விசாரிப்பது மேல். ஃபெட்கோ என்ற அமெரிக்கக் கூட்டுறவு விதை நிறுவனம், தன் விலைப்பட்டியலில் ஒவ்வொரு ரகத்துக்கும் பக்கத்தில் ஓர் எண்ணை அச்சிடுகிறது: விதை சிறு விவசாயியிடமிருந்து வந்ததா, பன்னாட்டு நிறுவனத்திடமிருந்து வந்ததா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். மற்றவர்கள் இதைச் செய்யாததற்கு எனக்குத் தெரிந்து நல்ல காரணம் எதுவும் இல்லை.

எஃப்1 எனப்படும் வீரிய ஒட்டு ரகத்தை மரபணு மாற்று விதை என்று பயப்படுவது அடுத்தது. ஒரு பெற்றோர் ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு பெற்றோர் ரகத்தின் பூவில் சேர்த்து எடுப்பதுதான் ஒட்டு ரகம். அதன் விதையை எடுத்து வைத்தால் முளைக்காது என்பதும் கட்டுக்கதை. முளைக்கும், செடிகள் ஒன்றுபோல் இருக்காது, அவ்வளவுதான். எடுத்து வைக்கும் விதை முளைக்காதபடி செய்யும் 'டெர்மினேட்டர்' தொழில்நுட்பத்துக்கு 1998-இல் காப்புரிமை கிடைத்தது உண்மை. விற்பனைக்கு வந்ததே இல்லை. வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு மரபணு மாற்று விதை விற்பதே அபூர்வம். 2024-இல் அமெரிக்காவில் வந்த ஊதாத் தக்காளி ஒரு விதிவிலக்கு. எனவே கேரட் விதைப் பாக்கெட்டில் 'மரபணு மாற்றப்படாதது' என்று போட்டுக் கூடுதல் விலை கேட்டால், சிரித்துவிட்டு நகரலாம்.

உரம், மருந்துப் பக்கம் வந்தால் குழப்பம் வேறு மாதிரி. ஸ்காட்ஸ் மிராக்கிள்-க்ரோ என்ற அமெரிக்கத் தோட்டப் பொருள் நிறுவனம் பேயருக்குச் சொந்தமில்லை. ஆனால் பேயரின் ரவுண்டப் களைக்கொல்லியில் வீட்டு உபயோக வகையைச் சந்தைப்படுத்துகிறது. அதே நிறுவனம், பறவைகளுக்கு நச்சான பூச்சிக்கொல்லி கலந்த பறவைத் தீனியை விற்றதாக 2012-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. யாருக்குச் சொந்தம் என்பதைவிட, என்ன செய்தார்கள் என்பது அதிகம் சொல்கிறது.

பெயரை மட்டும் பார்த்து ஒதுக்குவதும் வாங்குவதும் இங்கே ஆபத்து. அமெரிக்காவில் வீட்டு உபயோக ரவுண்டப்பில் களையைக் கொல்லும் வேதிப்பொருளான கிளைபோசேட்டை மாற்றப்போவதாக 2021-இல் பேயர் அறிவித்தது. அதே பெயரில் பிறகு வந்த சில பாட்டில்களில் டைகுவாட் என்ற வேறொரு களைக்கொல்லி வேதிப்பொருள் இருந்தது. உடனடி நச்சுத்தன்மையில் அது கிளைபோசேட்டைவிடக் கடுமை. லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பொருளின் பெயரைத்தான் படிக்க வேண்டும்.

உண்மை தெரிந்த கோபத்தில், வாங்கிவிட்ட விதையைக் குப்பையில் போடுவார்கள் சிலர். காசு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. இருக்கும் விதையை விதைத்துவிடுங்கள், அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம். களைக்கொல்லியை மட்டும் சாக்கடையில் கொட்டாதீர்கள். லேபிளில் சொன்னபடி அப்புறப்படுத்துங்கள்.