கோப்பிபாட் மரபணு வரைபடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் சிங்கப்பூர் ஆய்வகத்துக்குப் பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வந்த மாணவர் இருவர், மரபணு வரைபடம் (குரோமோசோமில் எந்த மரபணு எந்த இடத்தில் என்ற படம்) வரைய, டிக்ரியோபஸ் கலிஃபோர்னிகஸ் என்ற கோப்பிபாட்டின் (கடல்நீரில் வாழும் நுண்ணிய ஓட்டுடலியின்) இரு வகைகளைக் கலந்து பிறந்த முதல் தலைமுறையிலிருந்து பெண்களை மட்டும் பொறுக்கித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு காலத்தில் அதையே செய்தவள் என்பதால் உடனே நிறுத்தச் சொன்னேன். லேபிள் ஒட்டுவது, உப்பளவு பார்ப்பது போன்றவற்றை இங்கே நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் தலைமுறைப் பெண்ணை வைத்து வரைபடம் வரைவது

இவ்வினத்தின் பெண்ணில் முட்டை உருவாகும் குன்றல் பகுப்பின்போது (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவின்போது) குறுக்கேற்றம், அதாவது சோடிக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, நடப்பதில்லை; ஆணில் மட்டுமே நடக்கிறது. ஆகவே தாயின் ஒவ்வொரு குரோமோசோமும் அறுபடாமல் முழுதாகப் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. இதை அறியாமல் நான் பெண்ணைக் கொண்டு பின்கலப்பு (பெற்றோர் வகையுடன் மீண்டும் கலத்தல்) செய்தபோது, 12 பிணைப்புத் தொகுதிகள் (குரோமோசோமுக்கு ஒன்று) சரியாகவே வந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் எல்லா மார்க்கர்களும் (இடத்தை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. குறிகளும்) ஒரே புள்ளியில் குவிந்து கிடந்தன. மென்பொருளில்தான் பிழை என்று எண்ணி இரண்டு வாரம் அதனுடன் போராடினேன். ஒரு தலைமுறைக்கு மூன்று, நான்கு வாரம் பிடிக்கும் உயிரினத்தில் அந்தக் கலப்பை முதலிலிருந்து தொடங்குவதென்றால் மாதக்கணக்கில் உழைப்பும் வரிசைப்படுத்தலுக்கான பணமும் வீண். 1963-லேயே அச்சேறிய செய்தி இது. ஆனால் என் கையில் தரப்பட்ட செயல்முறைத் தாளில் "முதல் தலைமுறையைப் பின்கலப்பு செய்க" என்று மட்டும் இருந்தது, ஆணா பெண்ணா என்று ஒரு சொல் இல்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பண்பு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று மட்டும் அறிய வேண்டுமானால் பெண்வழிக் கலப்பு மிக நல்லது. அதற்குள் எந்த இடம் என்று அறிய ஆண் வேண்டும்.

பால் குரோமோசோமைத் தேடுவது

டிக்ரியோபஸில் தனிப் பால் குரோமோசோம் கிடையாது. பல மரபணுக்கள் சேர்ந்தே பாலைத் தீர்மானிக்கின்றன, அதனால் குடும்பத்துக்குக் குடும்பம் ஆண், பெண் விகிதம் மாறும். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் ஓட்டுடலியில் பெண்ணுக்கு இசட், டபிள்யூ என்ற இரு வேறு பால் குரோமோசோம்கள் உண்டு. டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளிலோ ஒரே மரபணுத் தொகுதி சூழலைப் பொறுத்து ஆணாகவும் பெண்ணாகவும் வளரும். ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்தக் கூடாது.

வெப்பநிலை

தட்டை 20 டிகிரி இன்குபேட்டரிலிருந்து எடுத்து மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

முட்டைப் பை தொங்கும் பெண்ணைக் கலப்புக்கு எடுப்பது

முட்டைப் பை இருந்தால் அவள் ஏற்கெனவே இணைந்துவிட்டாள்; ஒரு முறைதான் இணைவாள். அந்த விந்தைச் சேமித்து வைத்து அடுத்தடுத்த முட்டைத் தொகுதிகளுக்கெல்லாம் பயன்படுத்துவாள். கன்னிப் பெண் வேண்டுமென்றால், முதிராத பெண்ணை ஆண் பற்றிக்கொண்டிருக்கும் சோடியைத் தேடி, நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ஊசியால் பிரிக்க வேண்டும். ஆண் தன் உணர்கொம்புகளால் இறுகப் பிடித்திருக்கும். இழுக்காமல், பிடி தளரும்வரை ஊசிமுனையால் மெதுவாக நெம்புங்கள்.