கேரக்டர்கள் எப்போது நாடாள ஆரம்பிக்கலாம்?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகக் கதை ஆடுகிற ரோல்பிளேயிங் விளையாட்டில், கேம்பெய்ன், அதாவது பல அமர்வுகளாக நீளும் ஒரே கதையை, நடத்துகிற பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வரும்: எத்தனையாவது லெவலில் (கேரக்டர் வளர வளர ஏறும் படி) பிளேயர்கள் கையில் ஒரு ராஜ்ஜியத்தைக் கொடுப்பது? எண் சொன்னால்தான் ஆச்சு என்றால், நாலிலிருந்து ஆறுக்குள். ஆனால் லெவலை விட உங்கள் கதையின் காலண்டர்தான், அதாவது கதைக்குள் நாட்கள் ஓடுகிற வேகம்தான் முக்கியம். அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய ஆட்கள் ஒன்பது என்பார்கள். அந்த ஒன்பதுக்கு ஒரு கணக்கு இருந்தது. இந்த வகை விளையாட்டுகளில் பிரபலமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 1981-இல் வந்த எக்ஸ்பர்ட் தொகுப்பில் ஃபைட்டர், அதாவது போர்வீரன் கேரக்டர், ஒன்பதாவது லெவலைத் தொட 2,40,000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேண்டும், அன்றைக்கு மீட்டுக் கொண்டுவரும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு எக்ஸ்பி என்பதால் அதில் பெரும்பகுதி புதையலிலிருந்தே வரும். ஆக, ஒன்பதுக்கு வருகிறவன் வண்டி வண்டியாகத் தங்கத்தை வைத்துக்கொண்டு எதில் கொட்டுவது என்று முழித்துக்கொண்டிருப்பான், கோட்டை கட்டு என்று வழி காட்டினார்கள். அப்போதுகூட, காசு இருந்தால் ஃபைட்டர் எந்த லெவலிலும் கோட்டை கட்டலாம், பிரபு பட்டம்தான் ஒன்பதில். இன்றைய விதிகளில் பெரும்பாலும் தங்கத்துக்கும் லெவலுக்கும் சம்பந்தமே இல்லை, அதனால் ஒன்பது வரை காத்திருக்கக் காரணமும் இல்லை.

நான் ஒருமுறை காத்திருந்து கெட்டேன். பதினொன்றாவது லெவலில், பெரிய போருக்குப் பிறகு, ராஜா ஒரு கோட்டையைப் பரிசாகக் கொடுப்பதாக வைத்தேன். மந்திரவாதி அதற்குள் நொடியில் தூர இடத்துக்குத் தாவும் டெலிபோர்ட் மந்திரம் கற்றிருந்தான், காட்டுப் பாதை, ஆற்றுப் பாலம், எல்லைக் காவல் எதுவும் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. கோட்டை கடைசிவரை பழைய கவசம் போட்டு வைக்கிற அறையாகவே இருந்தது. நாலு நாள் நடந்து போக வேண்டிய தூரம் இன்னும் நாலு நாளாகவே இருக்கும்போதுதான் நிலத்துக்கு மதிப்பு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாவது பதிப்பில் ஒன்பதாவது லெவலில் மந்திரவாதிக்கு டெலிபோர்ட்டேஷன் சர்க்கிள் என்கிற அதே மாதிரி மந்திரம் கிடைத்துவிடுகிறது, அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுங்கள்.

2010-இல் பாய்சோ நிறுவனம் வெளியிட்ட கிங்மேக்கர் என்கிற தயார்நிலைக் கேம்பெய்ன் இதைச் சரியாகப் பிடித்தது. ஆறு பாகத்தில் முதல் பாகம் முழுக்கக் காடு சுற்றுவது, கொள்ளைக்காரர்களை விரட்டுவது. இரண்டாவது பாகத்தில், கிட்டத்தட்ட நாலாவது லெவலில், ஆட்சி தொடங்குகிறது. சொந்தக் காலால் நடந்து தெரிந்துகொண்ட மண் என்பதால் எந்த மேட்டில் ஊர் வைக்கலாம் என்று பிளேயர்களே சண்டை போடுவார்கள்.

நேரம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? யாராவது அவர்களிடம் தீர்ப்புக் கேட்டு வந்து நின்றால் வந்துவிட்டது. இப்போதைய என் கேம்பெய்னில் ஓர் ஓடத்துறையைக் கொள்ளைக் கும்பலிடமிருந்து மீட்டார்கள், நாலாவது லெவல். மறுநாள் ஓடக்காரி வந்து கேட்டாள்: "இதுவரைக்கும் அவனுங்களுக்குச் சுங்கம் கட்டினோம். இனி யாருக்குக் கட்டணும்?" மேசையில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. கிளரிக் (பூசாரி) ஆடுகிறவர், யாருக்கும் வேண்டாம் என்றார். திருடன் ஆடுகிறவர், அப்போ அடுத்த கும்பல் வந்தால் காவலுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்றார். நாற்பது நிமிடம் வாக்குவாதம், ஒரு டைஸ்கூட உருளவில்லை. அன்றைக்கே ராஜ்ஜியம் ஆரம்பித்துவிட்டது, யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரி, காலண்டர். கதை நடத்துகிறவருக்கான விதிப்புத்தகமான 2014 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடின்படி ஒரு சின்னக் கோட்டைக்கு 50,000 தங்கம், 400 நாள். வெறும் எல்லைக் காவல்கோட்டைக்கே 15,000 தங்கம், 100 நாள். உங்கள் கதையில் முதல் பத்து லெவலும் இரண்டு மாதத்தில் முடிந்துவிடுகிறதென்றால் அஸ்திவாரம்கூட காயாது. ஒவ்வொரு சாகசத்துக்கும் நடுவில் ஒரு மாதமாவது, குளிர்காலம் வந்தால் மூன்று மாதம், சும்மா ஓடட்டும். உலகம் அழியப்போகிறது, ஓடுங்கள் என்கிற வகைக் கதையில் இந்த வேலையே வேண்டாம்.

விரலுக்கேற்ற வீக்கம் என்று ஆரம்பியுங்கள். இடிந்த கோபுரம் ஒன்று, முப்பது குடும்பம், தீராத தகராறு ஒன்று. கதையில் ஒரு மாதத்துக்கு ஒரு டர்ன் (ஆட்சி முடிவெடுக்கும் ஒரு சுற்று), ஒவ்வொரு செஷன் முடிவிலும் இருபது நிமிடம். பணம், தானியம், மக்கள் மனநிலை, இந்த மூன்று எண் போதும், நாலாவது எண் வந்தால் யாராவது ஒருவர் எக்ஸெல் திறப்பார், மற்றவர்கள் போனை எடுப்பார்கள். ஆளுக்கொரு பொறுப்பு கொடுங்கள், ஆர்வமில்லாதவரை விட்டுவிடுங்கள், அவருக்குப் பதில் ஒரு மணியக்காரரை நீங்களே ஆடலாம்.

வரி வருமானம் எப்போதும் கொஞ்சம் போதாமலே இருக்கட்டும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1978 விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஃபைட்டர் பிரபுவுக்கு ஆளுக்கு மாதம் ஏழு வெள்ளிக் காசு வரும், 200 பேர் இருக்கிற ஊரில் 1,400 வெள்ளி, அன்றைய கணக்கில் வெறும் 70 தங்கம். மதில் கட்ட ஆசைப்பட்டால் புதையல் தேடி மறுபடி டஞ்சனுக்குள் (நிலவறைக்குள்) இறங்கித்தான் ஆக வேண்டும்.

அதே சமயம், அவர்கள் வெளியே போகிற ஒவ்வொரு முறையும் ஊரைக் கொளுத்தாதீர்கள். இரண்டு தடவை அப்படிச் செய்தால் மூன்றாவது தடவை வாசலைத் தாண்ட மாட்டார்கள். நான்கு பயணத்துக்கு ஒருமுறை ஏதாவது நடந்தால் போதும், அதுவும் திரும்பி வந்து சரிசெய்யக் கூடியதாக இருக்கட்டும்.

பாதியில் சலித்துப்போனால்? விடுங்கள், வற்புறுத்த வேண்டாம். மணியக்காரரே ஊரைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு வருடம் கழித்து அவர்கள் திரும்பி வரும்போது ஓடத்துறையில் சுங்கம் இரட்டிப்பாகியிருக்கும், காவலாளி அவர்களை அடையாளம் தெரியாமல் நிறுத்திக் காசு கேட்பான்.